பி.எஸ்சி. முடித்து நாலு வருஷம்: ஒரு வருஷ டிப்ளமோ போதுமா, எம்.எஸ்சி.தான் வழியா?

புதுவயல்_நெல்லு · டிசம்பர் 8, இரவு 9.40

வணக்கம். பிறந்தது பள்ளத்தூர், வாக்கப்பட்டது ஆத்தங்குடி. 2021இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன், 68 சதவீதம். கொரோனாவில் இரண்டாம் வருஷக் கடைசியோடு எங்கள் செட்டுக்கு ஆய்வகம் போயிற்று. பியூரெட்டை (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) கையில் பிடித்த நேரத்தைவிட யூடியூபில் பார்த்த நேரம்தான் அதிகம். சிரிக்காதீர்கள், உண்மையைச் சொல்கிறேன்.

இப்போது புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நெல் லாரி வந்தால் ஈரப்பதம் பார்த்துச் சீட்டில் எழுதுவதும் நான்தான். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் உள்ள ஒரே உறவு அந்த மீட்டர். மாதம் ஒருமுறை நெல் ஊறிய தண்ணீரை வெளி லேபுக்கு அனுப்புவோம். ரிப்போர்ட் வந்தால் முதலாளி கடைசி வரியை மட்டும் பார்ப்பார். நான் முழுவதையும் வாசிப்பேன், பாதி புரியும். புரியாத மீதிப் பாதிக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

லேப் வேலைக்குப் போக ஆசை. கையில் 60 ஆயிரம் இருக்கிறது. பையனுக்கு இரண்டரை வயது, அத்தை பார்த்துக்கொள்வார்கள். ஆனால் தினமும் கல்லூரிக்குப் போய்வர முடியாது. வீட்டுக்காரர் பூக்கல் (சிமென்ட்டில் செய்யும் ஆத்தங்குடி டைல்ஸ்) பட்டறையில் வேலை செய்கிறார், "ஒரு வருஷம்னா படி" என்கிறார். அப்பா எம்.எஸ்சி. என்கிறார். இணையத்தைத் திறந்தால் முதுநிலை டிப்ளமோ, முதுநிலைச் சான்றிதழ் என்று வரிசையாக விளம்பரம். எல்லாம் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர்_மாறன் · டிசம்பர் 8, இரவு 10.15

எம்.எஸ்சி. போங்கள். யோசிக்கவே வேண்டாம்.

முதுநிலை டிப்ளமோ என்று பெயரில்தான் முதுநிலை இருக்கிறது, அது முதுநிலைப் பட்டம் ஆகாது. மூன்று வருஷ பி.எஸ்சி. முடித்தவர் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க எம்.எஸ்சி. வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் பி.ஜி. அசிஸ்டென்ட் ஆக எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வு எழுதவும் மாஸ்டர் டிகிரி கேட்கிறார்கள். இந்த மூன்று வாசலிலும் டிப்ளமோவைக் காட்டினால் "நீங்கள் பி.எஸ்சி.தானே" என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு வருஷம் மிச்சம் பிடிக்கப் போய் முப்பது வருஷத்துக்கு வருத்தப்படாதீர்கள்.

பழைய_பிப்பெட் · டிசம்பர் 9, காலை 5.50

தம்பி மாறன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பொண்ணு வாத்தியார் வேலையோ ஜே.ஆர்.எஃப்.போ கேட்கவில்லையே, லேப் வேலைதானே கேட்டது?

நான் 34 வருஷம் ஆய்வகத்தில் நின்றவன். தனியார் லேபுக்கு ஆள் எடுக்கும்போது பக்கத்தில் என்னை உட்கார வைப்பார்கள். நான் சர்டிஃபிகேட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஒரு 10 மில்லி பிப்பெட்டை (குறித்த அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் குழாய்) கையில் கொடுத்துத் தண்ணீர் எடுத்துக் குடுவையில் விடச் சொல்வேன். அந்த அரை நிமிஷத்தில் முக்கால்வாசி தெரிந்துவிடும். ரப்பர் பல்பு இருக்க வாய் வைத்து உறிஞ்ச வருகிறாரா, கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்கிறாரா, தண்ணீர் இறங்கிய பிறகு நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு வைக்கிறாரா. நுனியில் ஒரு சொட்டு நிற்கும். அதை ஊதித் தள்ளினால் போச்சு. அந்தச் சொட்டு உள்ளேயே நிற்கட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறான். (மேலே வளையம் போட்ட பிப்பெட் என்றால் ஊதலாம், அது வேறு ரகம்.) ஒருமுறை ஏழு பேர் வந்தார்கள், எல்லோரும் எம்.எஸ்சி. அதில் ஐந்து பேர் ஊதினார்கள்.

ஆகவே ஆத்தா, எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேள். எத்தனை மணி நேரம் என் கை கருவியில் இருக்கும்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடு.

செக்காலை_ரோடு · டிசம்பர் 9, காலை 11.02

ஐயா கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்காமல் 85 ஆயிரம் கட்டியவள் நான்.

பெயர் வேண்டாம். வெளியூரில் ஒரு பயிற்சி நிறுவனம், ஆறு மாத "முதுநிலைச் சான்றிதழ்". மாடியில் ஏ.சி. போட்ட அறை, 22 பேர், தினமும் பிபிடி. கலவையைப் பிரித்து அளக்கும் கருவிகளான ஹெச்.பி.எல்.சி. என்றால் திரையில் படம், ஜி.சி. என்றால் திரையில் படம். பின்பக்கம் 'லேப்' என்று பலகை மாட்டிய அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் நான்கு பியூரெட். கடைசி நாள் குரூப் போட்டோ எடுக்க அந்த அறைக்குள் போனபோதுதான் கவனித்தேன், நான்கும் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தன. நூலில் கட்டிய விலை அட்டைகூட அப்படியே.

சான்றிதழ் மட்டும் கெட்டியான தாளில், தங்கக் கலர் ஓரம் வைத்து வந்தது. முதல் நேர்காணலில் "மொபைல் ஃபேஸை ஏன் டீகேஸ் செய்ய வேண்டும்" என்று கேட்டார்கள், அதாவது ஹெச்.பி.எல்.சி.யில் ஓடும் திரவத்திலிருந்து ஏன் காற்றை நீக்க வேண்டும் என்று. நான் விழித்தேன். கரைந்திருக்கும் காற்று பம்புக்குள் குமிழியாகி அழுத்தத்தை ஆட்டும், கிராஃபின் அடிக்கோடு நடுங்கும் என்று பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொள்ள 85 ஆயிரம் தேவையே இல்லை.

கோட்டையூர்_மாறன் · டிசம்பர் 9, காலை 11.30

இதைத்தான் நானும் சொல்கிறேன். 'டிகிரி' என்ற சொல்லுக்குக் காவல் இருக்கிறது. 1956 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 22ஆம் பிரிவு, பட்டம் கொடுக்க யாருக்கு உரிமை என்று கட்டிப் போட்டிருக்கிறது. 'சர்டிஃபிகேட்' என்ற சொல்லுக்கு அப்படிக் காவல் கிடையாது. தையல் வகுப்பும் கொடுக்கலாம், யோகா வகுப்பும் கொடுக்கலாம்.

லெஸ்டர்_மச்சான் · டிசம்பர் 9, மாலை 4.48

கானாடுகாத்தான்காரன், இப்போது இங்கிலாந்தில். இங்கே சர்டிஃபிகேட்டும் அளந்துதான் கொடுக்கிறார்கள். எம்.எஸ்சி. 180 கிரெடிட், அதில் 120 முடித்தால் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோ, 60 முடித்தால் போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. மூன்றும் ஒரே தரம்தான், லெவல் 7. ஒரே ஏணியில் ஏறி எந்தப் படியில் நின்றாய் என்பதுதான் வித்தியாசம். வேலை பார்த்துக்கொண்டே 60 முடித்து நிறுத்துவார்கள், சில இடங்களில் அப்புறம் அதையே தொடர்ந்து எம்.எஸ்சி. ஆக்கிக்கொள்ளலாம்.

ஆனால் 'கிராஜுவேட் சர்டிஃபிகேட்' என்றும் ஒன்று இருக்கிறது. 'போஸ்ட்' இல்லாதது. அது லெவல் 6, அதாவது பட்டம் வாங்கியவர் வேறு பாடத்துக்கு மாறப் படிப்பது, தரம் இளநிலைதான். ஆஸ்திரேலியாவிலோ அதே கிராஜுவேட் சர்டிஃபிகேட் அவர்கள் ஏணியில் எட்டாம் படி. பெயரை வைத்து முடிவுக்கு வந்தால் ஏமாறுவோம்.

நம் ஊர் ஏஜென்ட்கள் "சர்டிஃபிகேட் போதும், படித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கலாம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே படித்த பிறகு தங்கி வேலை தேட உள்ள கிராஜுவேட் விசாவுக்கு இளநிலை, முதுநிலை, பிஎச்.டி. பட்டங்கள்தான் கணக்கு. ஆசிரியர் பயிற்சி போலச் சில விலக்குகள் உண்டு. அறிவியலில் வெறும் 60 கிரெடிட் சான்றிதழ் அந்தப் பட்டியலில் வராது. வீட்டு மேல் கடன் வாங்கி வந்து இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

புதுவயல்_நெல்லு · டிசம்பர் 9, இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. செக்காலை அக்கா, அந்த விலை அட்டையைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. நானும் அதே மாதிரி ஒரு இடத்துக்குப் போன வாரம் போன் செய்திருந்தேன்.

பிப்பெட் ஐயா, நீங்கள் சொன்ன கேள்வியை இன்று மதியம் அவர்களிடமே கேட்டேன். "மேடம், எங்களுடையது இண்டஸ்ட்ரி ஓரியன்டட்" என்றார்கள். மறுபடி கேட்டேன். "டிஸ்கவுண்ட் இருக்கு மேடம்" என்றார்கள். வைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். ஆலைத் தண்ணீர் ரிப்போர்ட்டில் பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவைக் கிருமி தின்ன எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) பக்கத்தில் '3 நாள், 27 டிகிரி' என்று இருக்கிறது. நான் படித்தது 5 நாள், 20 டிகிரி. லேபில் தப்பா?

பழைய_பிப்பெட் · டிசம்பர் 10, காலை 5.35

தப்பில்லை. 5 நாள் 20 டிகிரி என்பது குளிர் நாட்டுக்காரன் வைத்த கணக்கு. நம் வெயிலில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்திருக்கக் குளிர்பெட்டிதான் வேண்டும். சூடு கூடினால் கிருமி வேகமாகத் தின்னும், அதனால் 27 டிகிரியில் 3 நாள் வைத்தாலே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். தண்ணீர்ச் சோதனைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3025, 44ஆம் பாகம் அதைத்தான் சொல்கிறது.

இதைக் கேட்கத் தோன்றியது பார், இந்தப் புத்திதான் லேபுக்கு வேண்டும். நீ கணக்குப் பிள்ளையாக இருக்க வேண்டியவள் இல்லை.

தேவகோட்டை_ரஸ்தா · டிசம்பர் 10, காலை 10.20

தினமும் கல்லூரிக்குப் போக முடியாது என்பதால் என் பங்குக்கு இரண்டு வழி.

ஒன்று, இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பகுப்பாய்வு வேதியியல் முதுநிலை டிப்ளமோ என்று ஒன்று உண்டு. வேதியியலை ஒரு பாடமாகப் படித்த பி.எஸ்சி. போதும், குறைந்தது ஒரு வருஷம். இழுத்தும் படிக்கலாம், குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வசதி. தொலைநிலைதான் என்றாலும் தியரியோடு செய்முறைத் தாள்களும் உண்டு, அதற்கு ஆய்வகம் உள்ள மையத்துக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். எல்லா மையத்திலும் ஆய்வகம் இருக்காது. இந்த முறை சேர்க்கை திறந்திருக்கிறதா, உங்களுக்கு எந்த மையம் விழும் என்று பணம் கட்டும் முன் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. அடுக்களை வேலை முடித்து இரவு பத்து மணிக்குப் புத்தகம் எடுப்பவர் இதைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

இரண்டு, அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம், ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்துவது. பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் 1000 ரூபாய், அதை மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வாராவாரம் தரும் அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. அசைன்மென்ட்டில் 10, பரீட்சையில் 30 என்று இரண்டிலும் எடுத்தால்தான் பாஸ், மொத்தம் 60 தாண்டினால் சான்றிதழில் 'எலைட்' என்று போடுவார்கள். இதை வைத்து வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். நாலு வருஷம் கழித்துப் படிப்பு உள்ளே இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

மாறன் அண்ணனுக்கு ஒரு தகவல்: யு.ஜி.சி. 2024இல் வெளியிட்ட முதுநிலைக் கட்டமைப்பில், இரண்டு வருஷ எம்.எஸ்சி.யில் முதல் வருஷத்தோடு விலகினால் முதுநிலை டிப்ளமோ கொடுக்கலாம் என்று இருக்கிறது. நம் பக்கத்தில் எந்தக் கல்லூரி அப்படித் தருகிறது என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தந்தால், எம்.எஸ்சி.யில் சேர்ந்து வீட்டு நிலைமை சரியில்லாமல் நடுவில் நின்றவர்கள் இனி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

கோட்டையூர்_மாறன் · டிசம்பர் 10, மதியம் 1.10

நடுவில் நிற்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு! பிரமாதம். நம் ஊர் சிக்ரியையே (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) எடுத்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலைக்கு பி.எஸ்சி. போதும். அதற்கு மேல்படி புராஜெக்ட் அசோசியேட், அதற்கு எம்.எஸ்சி. வேண்டும். இடையில் டிப்ளமோவுக்கு என்று தனிப் படியே இல்லை. காரைக்குடியில் இருந்துகொண்டு அந்த வாசலை அடைத்துக்கொள்வானேன்?

பழைய_பிப்பெட் · டிசம்பர் 10, மாலை 6.05

சிக்ரி பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், இழைக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அந்த ஆய்வகத்தை இந்தப் பொட்டல் காட்டுக்கு இழுத்து வந்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இதைக் கொடுத்தவர் படித்தது ஆங்கில இலக்கியமும் சட்டமும். மின்வேதியியலில் அவருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாறன் தம்பி, சிக்ரி ஒன்றுதான் லேபா? தண்ணீர், உணவு, சிமென்ட், மருந்து, சாயம் என்று தனியார் சோதனைக்கூடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சோதனைக்கூடங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் வாங்கிய கூடம் என்றால் ஐ.எஸ்.ஓ. 17025 தர விதிப்படி, ஒவ்வொரு சோதனையையும் செய்கிறவருக்கு அதைச் செய்யத் தகுதி உண்டு என்று சோதித்துப் பதிவு வைத்திருக்க வேண்டும். அங்கே கேட்பது கைத்திறமை. பி.எஸ்சி. ஒருத்தர் சி.ஓ.டி. சோதனையை (தண்ணீரில் உள்ள கழிவை ரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பது) இருபது தடவை செய்து இருபதும் ஒன்றுக்கொன்று ஒத்து வந்தால் அவர் பாஸ்.

கோட்டையூர்_மாறன் · டிசம்பர் 10, மாலை 6.40

சரி ஐயா. நுழையலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அஞ்சாறு வருஷம் கழித்துப் பொறுப்பாளர் பதவி வரும்போது எம்.எஸ்சி.காரன்தான் மேலே போவான். நான் பார்த்த இடங்களில் அப்படித்தான்.

செக்காலை_ரோடு · டிசம்பர் 10, மாலை 6.52

அது உண்மைதான். என் மேலதிகாரியும் எம்.எஸ்சி.தான், என்னைவிட நாலு வயது சின்னவர்.

புதுவயல்_நெல்லு · டிசம்பர் 11, இரவு 10.30

யோசித்துவிட்டேன். முதலில் 1000 ரூபாய் வழி. ஜனவரியில் தொடங்கும் 12 வாரப் பாடம் ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். இறங்குகிறதா பார்க்கலாம். அப்பாவிடம் "எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லவில்லை, இப்போது இல்லை" என்று சொன்னேன். மூன்று நாளாகப் பேசவில்லை, இன்று கவுனி அரிசி செய்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

லெஸ்டர்_மச்சான் · டிசம்பர் 11, இரவு 10.41

கவுனி அரிசியா? இங்கே ஒரு கிலோ என்ன விலை தெரியுமா…

*(கவுனி அரிசி எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்பது பற்றிய 14 பதிவுகள் சமையல் பகுதிக்கு மாற்றப்பட்டன. – நெறியாளர்)*

புதுவயல்_நெல்லு · மே 19, இரவு 9.20

61 மதிப்பெண். 'எலைட்' என்று அச்சடித்து வந்துவிட்டது. 60ஐ ஒரு மதிப்பெண்ணில் தாண்டினேன் என்பது சான்றிதழை உற்றுப் பார்த்தால்தான் தெரியும், பார்க்காதீர்கள். முதல் ஐந்து வாரம் அழுதேன். லாக் கணக்கே மறந்து போயிருந்தது.

அடுத்தது டிப்ளமோ. ரஸ்தா அண்ணன் சொன்ன மாதிரி மண்டல அலுவலகத்துக்கு நேரிலேயே போய் எந்த மையம், செய்முறை எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அங்கிருந்தவர் "இவ்வளவு கேள்வி யாரும் கேட்டதில்லையம்மா" என்றார்.

பழைய_பிப்பெட் · மே 20, காலை 5.40

கேட்டாயே, அது போதும்.

புதுவயல்_நெல்லு · ஜனவரி 27, இரவு 8.15

இழையைத் தூசி தட்டுகிறேன். வெளியூர் மையத்தில் செய்முறை முடித்துத் திரும்பிவிட்டேன். லாட்ஜில் தங்கி, பையனை அத்தையிடம் விட்டுவிட்டு. முதல் இரண்டு ராத்திரி வீடியோ காலில் அவன் அழ, நான் அழ.

சி.ஓ.டி.தான் சொல்ல வேண்டும். எங்கள் ஆலைத் தண்ணீரையே ஒரு பாட்டிலில் எடுத்துப் போயிருந்தேன். வகுப்புச் சோதனைகளை முடித்த பிறகு அதையும் செய்துகொள்ள அனுமதி கேட்டு வாங்கினேன். டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளேயே விழும்படி கொதிக்க வைப்பது. ஆற வைத்து, நிறம் மாறிக் காட்டும் ஃபெரோயின் இரண்டு சொட்டு விட்டு, ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டால் டைட்ரேட் செய்ய வேண்டும், அதாவது நிறம் மாறும்வரை அதைப் பியூரெட்டிலிருந்து அளந்து விட வேண்டும். நீலப் பச்சையாகவே நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பொறுமை போய் அடைப்பானைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். ஒரே நொடியில் செங்கல் நிறம். எத்தனை சொட்டு அதிகம் போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மறுபடி இரண்டு மணி நேரம். இரண்டாம் தடவை, கடைசி அரை மில்லியைச் சொட்டு சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுற்றிச் சுற்றி விட்டேன். நிறம் திரும்பியது. மூன்றாவது தடவையும் கிட்டத்தட்ட அதே அளவு. பக்கத்து மேசை அக்கா "என்ன, சிரிக்கிறே" என்று கேட்டார்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு லேபுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்றில் பிப்ரவரியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிப்பெட்டை ஊத மாட்டேன் ஐயா.

இன்னொன்று. பட்டறையில் ஒரு மாதமாக ஒரு வகைப் பூக்கல்லில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வருகிறது, சிவப்புக் கல்லில் அசிங்கமாகத் தெரிகிறது. தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து எடுத்துக் காய்ந்ததும் வருகிறது. வீட்டுக்காரர் தண்ணீரில் உப்பு என்கிறார், மேஸ்திரி சாயம் மட்டம் என்கிறார். அந்த வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போட்டேன், கரையவில்லை. வினிகரில் போட்டேன், நுரைத்துக் கரைந்தது. அப்படியானால் கார்பனேட். சிமென்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்திருக்கிறது. சாயத்தின் மேல் தப்பில்லை என்று சொன்னேன். மேஸ்திரி நம்பவில்லை. அவர் கண் முன்னாலேயே கல்லின் மேல் நேராக நாலு சொட்டு வினிகர் விட்டுக் காட்டினேன், புஸ்ஸென்று பொங்கியது. இப்போது பட்டறையில் எல்லோரும் ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பழைய_பிப்பெட் · ஜனவரி 28, காலை 5.30

கணிப்பு சரி. ஆனால் வினிகரை அப்படியே விட்டு வைக்காதே, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு ஆத்தா. அது வெள்ளையைத் தின்று முடித்ததும் கல்லைத் தின்ன ஆரம்பித்துவிடும்.